அழுத்த முடியாத பொத்தான்

ஒன்பது மணி ஆகிவிட்டது. மேசைமேல் கிடந்த கைப்பேசி வாய் திறக்கவில்லை.

மாப்பிள்ளை அதை எடுத்துப் பார்த்தான். சார்ஜ் இருந்தது. சிக்னல் இருந்தது. ஒலியைக் காலையிலேயே முழுவதுமாகக் கூட்டி வைத்திருந்தான். திரும்பவும் மேசைமேல் வைத்தான், அத்தையின் பக்கமாகச் சற்றுத் தள்ளி.

அத்தை அந்தப் பக்கமே திரும்பவில்லை. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்று மாலை துடைத்த நாற்காலிகள்தான் அவை.

தெருவே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். கணவர் போன பிறகு வீட்டின் கீழ்த்தளத்தைக் குழந்தைகள் காப்பகமாக்கி, அதை வைத்தே ஒரே மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர். எதிர்த்தெருவில் கண்ணாடிக் கட்டடமும் நீச்சல் குளமுமாக ஒரு பெரிய பள்ளி எழும்பிய நாளிலிருந்து அவருக்கு நிம்மதி போனது. அந்தப் பள்ளிக்காரர் அடிக்கடி வீடு தேடி வந்து, காப்பகத்தைத் தங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஆலோசகராக இருக்கும்படி தேனொழுகப் பேசிவிட்டுப் போவார். டீச்சரம்மா பிடி கொடுக்கவே இல்லை. போன வாரம் வந்தபோதுதான் என்ன தோன்றியதோ, இப்படிச் சொல்லிவிட்டார்.

"சேர்க்கை அன்னைக்குச் சாயங்காலம் வாங்க. நான் இன்னும் எத்தனை பேருக்கு வேணும்னு பார்த்துட்டு, ஒரே பதிலாச் சொல்லிடறேன்."

அந்த நாள்தான் இன்று.

மாப்பிள்ளைக்கும் இன்று ஒரு விதத்தில் பரீட்சைதான். அவன் வேலை பார்த்த மரச்சாமான் கடை மூடப்பட்டதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அவன் கடைக்குப் போகும்போது தெருவில் பேச்சு சட்டென்று நிற்கும், அவ்வளவுதான். அத்தையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. தப்பாக என்ன, பேசியதே குறைவு. "சாப்பிட்டீங்களா", "கரண்ட் பில் வந்துச்சா", "கேட்டைப் பூட்டிடுங்க". இந்த மூன்றுக்குள்ளேயே இருவரும் ஒரு வருடத்தைக் கழித்துவிடுவார்கள் போலிருந்தது.

சும்மா இருக்கப் பிடிக்காமல் இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தான். வலைப்பக்கம் அமைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் எச்டிஎம்எல். அது அவனுக்குச் சாமான்களை லாரியிலிருந்து இறக்கிக் கூடத்தில் குவித்த மாதிரி இருந்தது. தலைப்பு, பத்தி, படம், பொத்தான் எல்லாம் வந்து சேர்ந்துவிடும், ஆனால் எதுவும் இடத்தில் இருக்காது. அடுத்து வந்தது சிஎஸ்எஸ். எதற்கு என்ன நிறம், எது எங்கே நிற்க வேண்டும், எதற்கும் எதற்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று சொல்லும் மொழி. அங்கேதான் அவனுக்குக் கண் திறந்தது.

வகுப்பில் மற்றவர்கள் பேடிங்குக்கும் மார்ஜினுக்கும் வித்தியாசம் தெரியாமல் தவித்தார்கள். அவனுக்கு அது ஒரு நொடியில் பிடிபட்டது. அலமாரிக்குள்ளே துணிக்கும் பலகைக்கும் இடையில் விடுகிற இடம் பேடிங். அலமாரிக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் இடையில் விடுகிற இடம் மார்ஜின். முதலாவதை விடாவிட்டால் துணி கசங்கும், இரண்டாவதை விடாவிட்டால் கதவு திறக்காது. இதை அவன் எத்தனை வீடுகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான்.

காப்பகத்துக்கு ஒரு பக்கம் செய்து கொடுக்கலாம் என்ற யோசனை அவன் மனைவியுடையது. அதிலேயே சேர்க்கையும் நடக்கட்டும் என்றது டீச்சரம்மா. போன வருடம் விடியும் முன்பே வாசலில் வரிசை. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். சிலர் தெரிந்தவர்களைப் பிடித்துப் போனில் பேச வைத்தார்கள். டீச்சரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"எல்லாருக்கும் ஒரே வாசல்தான். போனில் கூப்பிட வேணாம், நேர்ல வர வேணாம்னு போடுங்க. ஒன்பது மணிக்குப் பொத்தானை அழுத்தறவங்க பேர் வரிசையா வரட்டும். மந்திரி வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் அப்படித்தான்."

அப்படியே போட்டான். ஒரு பெயர் பதிவானால் காப்பகத்தின் கைப்பேசியில் மணி அடிக்கும்படியும் செய்துவைத்தான்.

இப்போது பத்து மணி. மணி அடிக்கவில்லை.

சந்தேகம் வந்து, மடிக்கணினியைத் திறந்து தானே பொத்தானை அழுத்திப் பார்த்தான். ஏதோ ஒரு பெயரை நிரப்பி அனுப்பினான். அடுத்த கணம் மேசைமேல் டிங் என்று மணி அடித்தது.

டீச்சரம்மா கையில் துணியோடு அப்படியே நிமிர்ந்தார். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் பார்த்ததே இல்லை.

"யாரு மாப்பிள்ளை? எந்த வீட்டுப் பிள்ளை?"

அவன் மடிக்கணினியைப் பாதி மூடினான்.

"நான்தான் அத்தை. வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பார்த்தேன்."

"செய்யுதா?"

"செய்யுது."

"ம்."

அவர் மறுபடி நாற்காலிப் பக்கம் குனிந்துகொண்டார். வேலை செய்யவில்லை என்று சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. வாசல் திறந்துதான் கிடக்கிறது, வருவதற்குத்தான் ஆள் இல்லை என்றல்லவா இப்போது ஆகிவிட்டது.

அதன் பிறகு அந்த அறையில் இருந்த அமைதி சாதாரண அமைதி அல்ல. பேச ஒன்றும் இல்லாததால் வருகிற அமைதி அவர்கள் இருவருக்கும் பழக்கம்தான். இதுவோ, பேசினால் உடைந்துவிடும் என்பதற்காகக் காக்கிற அமைதி. வெளியே ஒரு சைக்கிள் போனது. எதிர்த்தெருப் பள்ளியில் மணி அடித்தது. டீச்சரம்மா சுவரில் ஒட்டியிருந்த குழந்தைகளின் ஓவியங்களைக் கிழிந்துவிடாமல் மெல்ல எடுக்கத் தொடங்கினார். ஏன் எடுக்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. ஏன் எடுக்கிறேன் என்று அவர் சொல்லவும் இல்லை.

மதியம் அவன் கொல்லைப்புறம் போய் மனைவிக்குப் போன் செய்தான். அவள் ஆஸ்பத்திரியில் வார்டுக்கும் வார்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே பேசினாள்.

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்கூட இல்லை."

மறுமுனையில் அவளுடைய காலடிச் சத்தம் நின்றது.

"ஒருத்தர்கூடவா?"

"ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. சுவத்துல இருந்த படத்தையெல்லாம் எடுத்துட்டாங்க உங்கம்மா."

"பக்கம் சரியாத்தான் இருக்கா? நான் காலையிலே பஸ்ல என் போன்ல பார்த்தேனே, அழகா இருந்துச்சே."

"சரியாத்தான் இருக்கு. நானே அனுப்பிப் பார்த்தேன், வந்துச்சு."

"அப்ப அவ்வளவுதானா?"

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வைக்கறேங்க" என்று வைத்துவிட்டாள்.

உள்ளே வந்தபோது டீச்சரம்மா பணப்பையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கடை வரைக்கும் போயிட்டு வர்றீங்களா? அட்டைப் பெட்டி கொஞ்சம் வேணும். பொம்மையெல்லாம் கட்டி வைக்கலாம்."

"இப்பவே எதுக்கு அத்தை? இன்னும் நேரம் இருக்கே."

"அவர் வர்றப்போ நான் சும்மா உட்கார்ந்திருக்க வேணாம்னு பார்க்கறேன்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டு நின்றிருக்கலாம்.

தெருமுனைக் கடையில் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் பஸ் டிரைவர். சீருடையில் இருந்தார். அவருடைய மூத்த பெண் டீச்சரம்மாவிடம் வளர்ந்தவள்தான். இரண்டாவது பையனுக்கு இப்போது மூன்று வயது.

"என்ன தம்பி, எங்களையெல்லாம் கழட்டி விட்டுட்டீங்க போல."

"புரியலையே அண்ணே."

"நான் ஒரு போன், என் வீட்டுக்காரி ஒரு போன். ரெண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்து, ஒன்பது ஆனதும் ஒண்ணா அழுத்தினோம். அசையவே மாட்டேங்குது. ஒரு நிமிஷத்துல இடம் முடிஞ்சு போச்சா? முடிஞ்சா முடிஞ்சுதுன்னு ஒரு வரி போட்டா நாங்க பாட்டுக்கு வேற இடம் பார்ப்போம்ல. கீழ் வீட்டுத் தையல்காரம்மாவும் இதையேதான் சொல்லுது."

மாப்பிள்ளை கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"பண்ண வேணாம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. டீச்சரம்மா சொல்லி மீற முடியுமா? ஒரு தடவை பொண்ணைக் கூப்பிட லேட்டா வந்ததுக்கு என்னையே மூலையில நிக்க வச்சவங்க."

"அண்ணே, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க."

பக்கத்தைத் திறந்தான். அழகாகத்தான் இருந்தது. மேலே காப்பகத்தின் பெயர். அதன் கீழே ஒரு குழந்தை வரைந்த ஓவியம், இறக்கை முளைத்து ஆகாயத்தில் பறக்கும் பஸ். அதற்கும் கீழே மூலைகள் வளைந்த பச்சைப் பொத்தான்: பதிவு செய்ய. விரலை வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வைத்தான். கல்லை அழுத்துவது போலிருந்தது. எரிச்சலில் விரலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்தான்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பிக் கேட்டது: படத்தைச் சேமிக்கவா?

படமா? நான் அழுத்துவது பொத்தானை அல்லவா?

அந்தக் கேள்வி அவனுக்குள் இறங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

ஓவியத்தை அவன் பக்கத்தில் சேர்த்த அன்று டீச்சரம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸின் வால் பக்கம் தலைப்புக்குப் பின்னால் கொஞ்சம் மறைந்திருந்தது. "பிள்ளை வரைஞ்சதை எதுக்குப் பின்னாடியும் ஒளிக்காதீங்க மாப்பிள்ளை. எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கட்டும்" என்றார். அவர் தானாக அவனிடம் இப்படிப் பேசுவது அபூர்வம். அந்த மகிழ்ச்சியில் அவனும் ஓவியத்தின் இசட்-இண்டெக்ஸை, அதாவது எது முன்னால் எது பின்னால் என்று சொல்லும் எண்ணை, ஒன்று இரண்டு என்று போடாமல் ஆயிரம் என்று போட்டுவிட்டான். பஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது. டீச்சரம்மா தலையசைத்தார்.

ஓவியத்தின் பின்னணியில் இருந்த வெள்ளைத் தாளை அவன் கணினியில் அழித்திருந்தான். ஆனால் தாள் இருந்த இடம் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அது அப்படியே நீண்டு கிடந்தது. மடிக்கணினியின் அகலமான திரையில் அந்த வெற்றிடம் ஓரமாக ஒதுங்கிவிட்டது. கைப்பேசியின் ஒடுங்கிய திரையிலோ அது நேராகப் பொத்தானின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் வேலை பார்த்த கடையின் காட்சிப் பெட்டியில் கண்ணாடிக்குப் பின்னால் மேசை விளக்குகளை வைத்திருப்பார்கள். எத்தனையோ பேர் எடுக்கப் போய் விரல் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கண்ணாடியைத்தான் அவன் சேர்க்கையின் வாசலில் நிறுத்தியிருக்கிறான். தன் கைப்பேசியிலும் பக்கத்தைத் திறந்து பார்த்தான்தான். பார்த்தான், ரசித்தான். தொடவில்லை.

"என்ன தம்பி, முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"இடம் முடியலை அண்ணே. ஒண்ணுகூடப் போகலை. அப்புறம் சொல்றேன்."

பெட்டிகளைக் கடையிலேயே போட்டுவிட்டு நடந்தான். பாதித் தூரம் நடந்த பிறகுதான் தன் மனசு என்ன சொல்கிறது என்று அவனுக்குக் கேட்டது. பயமும் அவமானமும் இருந்தன. ஆனால் அவற்றுக்கு அடியில் வேறொன்று ஊறிக்கொண்டிருந்தது. யாரும் போகவில்லை. யாரும் டீச்சரம்மாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை நேரமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு எண்ணமும் வந்தது. அதை அவன் மறைக்க முடியாது, மனசு அவனுடையதுதானே. சத்தம் போடாமல் போய் உட்கார்ந்து அந்த எண்ணைத் திருத்திவிட்டால் மணி தானாக அடிக்கும். ஜனங்கள் இப்போதுதான் நினைத்துக்கொண்டார்கள் போல என்று விட்டுவிடலாம். வேலை போன மனிதன், கடைசியில் கற்றுக்கொண்ட ஒன்றையும் கோணலாகச் செய்தான் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் காலையிலிருந்து இந்த மதியம் வரை அத்தை அனுபவித்ததை எந்த மணி திருப்பி எடுத்துக்கொள்ளும்? காலையில் எட்டிப் பார்க்காதவர்கள் மாலையில் போனால் போகிறது என்று வந்ததாகத்தானே அவர் நினைப்பார்? இதை நினைத்தபோது அவன் நடை வேகமானது.

வாசலில் பள்ளிக்காரரின் கார் நின்றிருந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

உள்ளே அவர் காலை மடித்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே டீச்சரம்மா. சுவர் மொட்டையாக இருந்தது.

"...உங்க அனுபவத்துக்கு நாங்க மரியாதை குடுக்காம இருப்போமா" என்று பள்ளிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "காலம் மாறிப்போச்சும்மா. பெத்தவங்க எதிர்பார்ப்பும் மாறிப்போச்சு. அதை ஏத்துக்கறதுல தப்பே இல்லை."

"தப்பில்லைதான்" என்றார் டீச்சரம்மா. "நான் ஒரே பதில் சொல்றேன்னு சொன்னேன்ல. சரி, அதை—"

"அத்தை."

"பேசிட்டிருக்கேன் மாப்பிள்ளை."

"தெரியும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவன் இப்படி அவர் பேச்சில் குறுக்கே விழுந்ததில்லை. பள்ளிக்காரர் புன்னகையோடு கோப்பையைக் கீழே வைத்தார். மூன்றாம் மனிதர் முன்னால் வேண்டாமே என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் அவர் எழுந்து போகும்வரை காத்திருந்தால் அந்த 'சரி' முழுசாக வெளியே வந்துவிடும்.

"ஒருத்தரும் வராததுக்குக் காரணம் நான்தான் அத்தை."

அவன் தன் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தான்.

"பொத்தானை அழுத்துங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அழுத்தினார்.

"ஒண்ணும் ஆகலையே."

"மறுபடி."

"இல்லையே."

"காலையிலிருந்து எல்லாருக்கும் இதேதான். டிரைவர் அண்ணன் வீட்டுல ரெண்டு போன்லயும் அழுத்தியிருக்காங்க. தையல்காரம்மா அழுத்தியிருக்காங்க. எல்லாரும் இடம் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அந்த பஸ் படத்தை நான் எல்லாத்துக்கும் முன்னாடி வச்சேன்ல, அது பொத்தானை மறைச்சிருச்சு. கண்ணுக்குத் தெரியாது, ஆனா விரல் அதுலதான் படும். என் கம்ப்யூட்டர்ல மட்டும் பார்த்துட்டு சரின்னு விட்டுட்டேன். போன்ல அழுத்திப் பார்க்கலை."

டீச்சரம்மா கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல் அந்தப் பச்சைப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தியது, பிறகு மிக மெதுவாக இன்னொரு முறை.

"அப்ப," என்றார் கடைசியில், "யாரும் நம்மளை வேணாம்னு சொல்லலை?"

"சொல்லலை அத்தை. வழியை நான் அடைச்சு வச்சிருந்தேன்."

டீச்சரம்மா பக்கத்தில் கிடந்த குட்டி நாற்காலி ஒன்றுக்கு மாறி உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தான். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல் தொடங்கி, பிறகு மூச்சு வாங்கும் அளவுக்கு, கண்ணில் நீர் வர, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அந்தப் பஸ்ஸா?"

"அந்தப் பஸ்தான்."

"நான்தானே முன்னாடி நிறுத்தச் சொன்னேன்."

"நிறுத்தினது நான்தானே."

பள்ளிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நல்ல விஷயம்தான். ஆனா ஒரு நாள் நடந்த கோளாறை வச்சு நீங்க முடிவை மாத்திக்கக் கூடாதும்மா."

"அந்த ஒரு நாள் கோளாறை வச்சுத்தானே நான் முடிவே எடுத்தேன்" என்றார் டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மன்னிச்சுக்கங்க. என் மாப்பிள்ளை ஒரு தப்புப் பண்ணிட்டார். உங்களை வீணா அலைய வச்சுட்டோம். தேநீரை ஆற விடாதீங்க."

அதை அவர் சொன்ன விதத்தில், தப்புச் செய்வதற்கென்றே ஒரு மாப்பிள்ளை கிடைத்த பெருமை இருந்தது. பள்ளிக்காரர் மீதித் தேநீரைக் குடிக்காமலே கிளம்பினார். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார் டீச்சரம்மா. வந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரி. இப்ப என்ன பண்ணணும்?"

மடிக்கணினி முன் அவன் உட்கார, அவர் பக்கத்தில் குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானுக்கு ஆயிரத்து ஒன்று என்று எண் போட்டான். கைப்பேசியில் அழுத்தினான். அசையவில்லை.

"ஆகலையா?" என்றார் அத்தை, அவன் தோளுக்கு மேலிருந்து.

"ஒரு நிமிஷம்."

பிறகு வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. சும்மா வரிசையில் கிடக்கும் ஒன்றுக்கு வெறும் எண்ணைக் கொடுத்தால் அது முன்னால் வராது. முதலில் அதற்கு பொசிஷன் என்று ஒரு நிலை கொடுக்க வேண்டும். பொத்தானுக்கு அந்த ஒரு வரியைச் சேர்த்தான். கைப்பேசி பழைய வடிவத்தையே ஞாபகம் வைத்துக்கொண்டு இன்னும் அடம் பிடித்தது. பக்கத்தைப் புதிதாக ஏற்றிவிட்டு அழுத்தினான்.

பதிவுப் பக்கம் திறந்தது.

இருவரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள்.

"இருங்க, இப்படியே விடக் கூடாது" என்றார் டீச்சரம்மா. "இப்ப யார் கண்ணுல முதல்ல படுதோ அவங்களுக்கு இடம்னு ஆயிடும். காலையில அழுத்தினவங்க என்ன பாவம் பண்ணாங்க? ஆறு மணிக்கு மறுபடி தொடங்கும்னு எழுதுங்க. எல்லாருக்கும் ஒரே நேரம்."

அவன் பொத்தானை மூடி வைத்துவிட்டு, அதன் மேலே ஒரு வரி எழுதினான்: தொழில்நுட்பக் காரணங்களால் பதிவு மாலை ஆறு மணிக்குத் தொடங்கும்.

"அது யாரு, தொழில்நுட்பம்?"

"அத்தை?"

"பிள்ளைங்க பாலைக் கொட்டிட்டா, பால் கொட்டிருச்சு டீச்சர்னுதான் சொல்லும். நான் விடுவேனா? எழுதுங்க. காலையில் பொத்தான் வேலை செய்யவில்லை. தவறு எங்களுடையது."

அவன் விரல் 'எங்களுடையது' என்ற சொல்லில் சற்றுத் தயங்கியது. பிறகு தட்டி முடித்தான்.

"எழுத்து சின்னதா இருக்கே."

"பெரிசு பண்ணலாம். நீங்களே பண்ணுங்க." கணினியை அவர் பக்கம் திருப்பினான். "இந்த வரியில பாருங்க. முதல்ல எதுக்குன்னு சொல்றோம், இந்த அறிவிப்புக்கு. அப்புறம் என்னன்னு சொல்றோம், எழுத்தோட அளவு. அப்புறம் எவ்வளவுன்னு. பதினாறுன்னு இருக்குல்ல, அதை மாத்துங்க."

டீச்சரம்மா ஒற்றை விரலால் பதினாறை அழித்து முப்பது என்று அடித்தார். திரையில் வரி வளர்ந்து நின்றது.

"இவ்வளவுதானா?"

"அடிப்படை இவ்வளவுதான் அத்தை. எதுக்கு, என்ன, எவ்வளவு."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. நான் என்னவோ பெரிய மாயம்னு நினைச்சு, கேட்கவே கூச்சமா இருந்துச்சு."

அவருக்கும் கூச்சம் இருந்திருக்கிறது. இத்தனை மாதமாக அந்த அமைதியைத் தன்மேல் வைத்த தீர்ப்பு என்றல்லவா அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

டிரைவர் அண்ணனுக்கு ஒரு போன் போட்டான். அது போதுமானதாக இருந்தது. அவர் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. ஆறு மணிக்குப் பொத்தானைத் திறந்தான். முதல் மணி அடித்தது. அது அடங்குவதற்குள் இரண்டாவது. அதன்மேல் மூன்றாவது. பிறகு பிரிக்க முடியாமல் அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சரம்மா ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். "தையல்காரம்மா பேத்தி... டிரைவர் பையன்... இவன் அண்ணன் கடிப்பான், இவன் எப்படியோ..." படித்துக்கொண்டே எடுத்து வைத்த ஓவியங்களைத் திரும்ப ஒட்டினார். மாப்பிள்ளை டேப்பைக் கிழித்துக் கொடுத்தான். இடங்கள் நிரம்பிவிட்டன.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தானோ என்னவோ, வேலை முடிந்து வந்த அவன் மனைவி நேராக உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வா வா" என்றார் டீச்சரம்மா. "உன் வீட்டுக்காரர் இன்னைக்கு என்ன பண்ணி வச்சார் தெரியுமா?"

முழுக் கதையையும் சொன்னார். பள்ளிக்காரர் தொண்டையைச் செருமியதைச் செருமியே காட்டினார். மகள் கேட்டாள், சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தாள். அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குப் போனாள்.

தண்ணீர் குடிக்க இவ்வளவு நேரமாகாது. மாப்பிள்ளை எழுந்து போனான். அவள் நிரம்பிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தாள்.

"சந்தோஷமா இல்லையா?"

"இருக்குங்க. அம்மா இப்படிச் சிரிச்சுப் பார்த்து எத்தனை நாளாச்சு."

"அப்புறம்?"

அவள் டம்ளரை மேடைமேல் வைத்தாள்.

"மத்தியானம் நீங்க போன் பண்ணீங்கல்ல, ஒருத்தர்கூட இல்லைன்னு."

"ஆமா."

"வச்ச கொஞ்ச நேரத்துல எங்க ஹெட் நர்ஸ் கூப்பிட்டாங்க. வேற ஊர்ல புதுசா ஆஸ்பத்திரி திறக்கறாங்களாம். வார்டுக்குப் பொறுப்பா போறியா, குடும்பத்தோட தங்க வீடு தர்றோம்னு கேட்டாங்க." அவள் குரல் இன்னும் இறங்கியது. "காப்பகமும் போயிடுச்சு, அம்மா இந்த வெறும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி இருப்பாங்கன்னு நினைச்சேன். நம்ம மூணு பேரும் எங்கயாவது போயிடலாம்னு தோணுச்சு."

"என்ன சொன்னே?"

"சரின்னுட்டேன். அவங்க என் பேரை மேலிடத்துக்கு அனுப்பிட்டாங்க."

அவன் கை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அது சில்லென்று இருந்தது.

கூடத்திலிருந்து டீச்சரம்மாவின் குரல் வந்தது, பல மாதங்களில் இல்லாத உற்சாகத்தோடு.

"அங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? இங்க வாங்க மாப்பிள்ளை, அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஒரு யோசனை வச்சிருக்கேன்."

"வாங்க, போலாம்" என்றாள் அவள்.

இருவரும் நகரவில்லை.